விட்டதைப் பிடிக்கப் போகாதே, தம்பி

வடசென்னை டிஎச் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை. சாயங்காலம் நாலு மணியிலிருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் கவுண்டரில் நான்தான் இருப்பேன். ஹால் டிக்கெட் பிரிண்ட், ப்ராஜெக்ட் பைண்டிங், லேமினேஷன். அதோடு கேஷ் வாங்கிக்கொண்டு ஜீபே போட்டு விடுகிற வேலையும் உண்டு, ஆயிரத்துக்குப் பத்து ரூபாய்.

இந்த ஜீபே வேலையில்தான் யார் போனில் சூதாடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் நம்பரை நிதானமாக ரெண்டு தரம் சொல்வார். ஆடுகிற பையன் போனில் ஒரு கியூஆர் கோடைக் காட்டுவான். அதில் வருகிற பெயர் ஏதோ ஒரு டிரேடர்ஸ், ஏதோ ஒரு எண்டர்பிரைசஸ். யார் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. "சீக்கிரம்ணா, டைம் ஓடுதுண்ணா" என்பான். முதலில் ஐநூறு. பத்து நிமிஷத்தில் இன்னொரு ஐநூறு. மூணாவது தரம் வரும்போது பேன் காற்றுக்குக் கீழே நின்றாலும் அவன் கழுத்து வேர்த்திருக்கும். தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாய் அக்கவுண்டில் ஏறுகிற நாளில் ரெண்டு மூணு பேராவது இப்படி வருவார்கள். பெண் பிள்ளைகளும் வருகிறார்கள், ஆனால் சத்தமே இருக்காது. அந்த மாதிரி கோடுக்கு நான் இப்போது பணம் போடுவதில்லை. "உள்ள வா, உக்காரு" என்று லேமினேஷன் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கிற நாற்காலியைக் காட்டுவேன். சிலர் உட்காருவார்கள், சிலர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். உட்கார்ந்தவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வயது 22. நானும் ஆடினவன். பி.காம் முதல் வருஷம், 2022 ஐபிஎல்லில் கிளாஸ் பையன்களோடு மேட்ச்சுக்கு ஐம்பது ரூபாய் பெட்டு. அப்புறம் ஒருத்தன் பெட்டிங் சைட்டுக்கு ஐடி வாங்கிக் கொடுத்தான். அப்புறம் டெலிகிராம், அடுத்து எந்தக் கலர் வரும் என்று காசு கட்டுகிற கலர் கேம், விமானம் மேலே ஏற ஏறக் காசு ஏறுகிற கேம். 2023 ஆகஸ்டில் நிறுத்தினேன்.

என்னைக் கெடுத்தது தோல்வி இல்லை, ஜெயித்த ஒரு ராத்திரி. 2023 ஐபிஎல் ஃபைனல் நினைவிருக்கும். மழை பெய்து, மேட்ச் 15 ஓவராகச் சுருங்கி, ராத்திரி ஒன்றரை மணிக்குக் கடைசி 2 பந்தில் 10 ரன் வேண்டும். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர். தண்டையார்பேட்டை முழுக்க வெடி. எனக்கு மட்டும் ரெட்டைச் சந்தோஷம். சென்னை மேல் போட்டிருந்த காசு 9,000 ரூபாயாகத் திரும்பி வந்திருந்தது. தூண்டிலில் மாட்டுகிற இரை எப்போதும் நிஜமான இரைதான். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அந்த 9,000 மூணு நாளில் கலர் கேமில் போனது. "9,000 எடுத்தவன்தானே, திரும்ப எடுப்பேன்" என்கிற நினைப்பு மட்டும் போகவில்லை. அந்த ஒரு நினைப்பு அடுத்த மூணு மாசத்தில் என் வீட்டையே சுரண்டிவிட்டது.

அம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கல்மண்டபத்தில் மீன் விற்கிறவர். தினம் ஏலத்துக்குப் போகிற முதல் பணம் ஒரு சுருக்குப்பையில் இருக்கும், பை அரிசி டின்னுக்குள் இருக்கும். ஆகஸ்டில் ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு அதிலிருந்து 12,000 ரூபாயை எடுத்தேன். அம்மா கிளம்புவது ரெண்டரை மணிக்கு. அதற்குள் ஜெயித்துத் திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்கு. பை கனமாகத் தெரியவேண்டும் என்பதற்காக மேலே ரெண்டு நூறு ரூபாய் நோட்டை விட்டுவிட்டு, உள்ளே என் காஸ்ட் அக்கவுண்டிங் நோட்ஸ் தாளை மடித்துத் திணித்தேன். ஒரு மணிக்கெல்லாம் காசு முடிந்துவிட்டது. அம்மா எழுந்து, முகம் கழுவி, பையை இடுப்பில் சொருகிக்கொண்டு போவதைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். எழுந்து சொல்லவில்லை.

ஏலத்தில் ஒரு கூடை சங்கரா அம்மா பெயருக்கு விழுந்திருக்கிறது. பையைப் பிரித்தால் காகிதம். கூடை அடுத்தவருக்குப் போனது. அன்றைக்கு அம்மா வெறுங்கையோடு வீட்டுக்கு வரவில்லை, அங்கேயே உட்கார்ந்து மத்தியானம் வரைக்கும் கூலிக்கு எறா உரித்துவிட்டுத்தான் வந்தார். அந்தத் தாளை என் முன்னால் நீட்டினார். ஈரத்தில் மை கலங்கியிருந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, என் கையெழுத்து தெரியும். "இது உன் காலேஜ் பேப்பர்தானடா?" அவ்வளவுதான் கேட்டார்.

ஏன் ஜெயிக்க முடியாது

விடவேண்டும் என்று நினைக்கிறவன் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். மேட்ச் பெட்டில் ரெண்டு டீமுக்கும் சம வாய்ப்பு என்றால் பெட்டு நடத்துகிறவன் ரேட்டு 1.90, 1.90 என்று வைப்பான். ரெண்டு பக்கமும் நூறு நூறு நீயே போட்டுப் பார்: 200 போகும், யார் ஜெயித்தாலும் 190 வரும். பத்து ரூபாய் அவனுக்கு. அவனுக்கு கிரிக்கெட்டே தெரிய வேண்டாம். உனக்கு எவ்வளவு கிரிக்கெட் தெரிந்தாலும் ஒவ்வொரு தரமும் அந்த இழப்பைத் தாண்டித்தான் நீ ஆரம்பிக்கவேண்டும்.

கலர் கேமில் நான் ஆடினதில் நூறு ரூபாய்க்கு 2 ரூபாய் கட்டணம் என்று முதலிலேயே பிடித்துக்கொள்வான். ரெண்டு ரூபாய்தானே என்று தோன்றும். மூணு நிமிஷத்துக்கு ஒரு ஆட்டம், மணிக்கு 20 ஆட்டம். ஆட்டம் நேர்மையாகவே நடந்தாலும், தரத்துக்கு நூறு வைத்தால் ஐந்து மணி நேரத்தில் 200 ரூபாய் கட்டணமாக மட்டுமே போகும். அது நேர்மையாக நடக்கிறதா என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது. எந்தக் கலரில் அதிகப் பணம் விழுந்திருக்கிறது என்பது ரிசல்ட் வருவதற்கு முன்பே அவன் சர்வருக்குத் தெரியும்.

"டபுள் பண்ணிக்கிட்டே போனா எப்படியும் எடுத்துடலாம்ணா" என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். 50 போட்டுத் தோற்றால் 100, அப்புறம் 200, 400, 800, 1,600, 3,200. ஏழு தரம் தொடர்ந்து தோற்றால் போனது 6,350 ரூபாய். எட்டாவதுக்கு 6,400 வேண்டும், அதில் ஜெயித்தாலும் கையில் மிச்சம் வெறும் 50 ரூபாய், கட்டணம் போனால் அதுவும் இல்லை. ஏழு தரம் தொடர்ந்து தோற்பது 128-ல் ஒன்று. அபூர்வம் மாதிரி தெரியும். ஆனால் நீ ராத்திரிக்கு நூறு ஆட்டம் ஆடுகிறாய். ரெண்டு மூணு ராத்திரியில் அது உன் வாசலில் வந்து நிற்கும்.

"ரெட் ஆறு தரம் வந்துடுச்சு, அடுத்தது கிரீன்தான்" என்பது இன்னொரு பொய். ஆட்டத்துக்கு ஞாபகம் கிடையாது. 1913 ஆகஸ்ட் 18-ம் தேதி மாண்டி கார்லோ சூதாட்ட விடுதியில் ஒரே மேஜையில் கருப்பு தொடர்ந்து 26 தரம் விழுந்தது. இனிமேல் சிவப்புதான் என்று சொல்லிச் சொல்லி அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் லட்சக்கணக்கான பிராங்க் பணத்தைத் தோற்றார்கள். நூறு வருஷம் ஆகியும் நாம் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

டெலிகிராமில் "இன்னைக்கு ஷ்யூர் ஷாட்" என்று அனுப்புகிறவன் எப்படி நாலு மேட்ச் சரியாகச் சொல்கிறான் என்பதையும் தெரிந்துகொள். 1,600 பேரைப் பிடிக்கிறான். 800 பேருக்கு இந்த டீம், 800 பேருக்கு அந்த டீம். தப்பாகப் போன 800 பேரை விட்டுவிட்டு மிச்சத்தைத் திரும்ப ரெண்டாகப் பிரிக்கிறான். 400, 200, 100. நாலு மேட்ச் முடியும்போது நூறு பேர் அவனைக் கடவுளாக நினைக்கிறார்கள். ஐந்தாவது மேட்ச்சுக்கு "விஐபி குரூப், 2,000 ரூபாய்" என்று கேட்கிறான். நான் அந்த நூறு பேரில் ஒருத்தனாக இருந்தேன்.

இவ்வளவு தெரிந்தும் கை ஏன் போகிறது? எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு, தவறாமல் கிடைக்கிற பரிசைவிட மூளையை இறுக்கிப் பிடிக்கும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். எப்போதாவது மட்டும் தீனி விழுகிற பொத்தானைத்தான் புறா விடாமல் கொத்தும். "ஒரே ரன்னுல போச்சு", "ஒரு நம்பர்ல மிஸ்" என்பதும் மூளைக்குத் தோல்வியாகப் படுவதில்லை. மூளையை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளில், மயிரிழையில் தவறவிடும்போதும் ஜெயித்தபோது விழிக்கிற அதே பகுதிகள் விழிப்பது தெரிந்திருக்கிறது. அதனால்தான் தோற்ற உடனே இன்னும் வேகமாகக் கை போகிறது. நீ கெட்டவன் என்பதால் இல்லை. உலக சுகாதார நிறுவனம் சூதாட்டக் கோளாறு என்று இதை நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-லேயே குடி, போதை இருக்கிற அதே பகுதியில் இதைச் சேர்த்துவிட்டது.

உனக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க ரொம்ப நேரம் வேண்டாம். போனதை எடுக்கவென்றே திரும்ப ஆடுகிறாயா? எவ்வளவு போனது என்று கேட்டால் குறைத்துச் சொல்கிறாயா? பாத்ரூமுக்கு போனோடு போகிறாயா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கீழே இருப்பதை இன்றைக்கே ஆரம்பித்துவிடு.

முதல் வேலை: கணக்கு எழுது

பேங்க் ஆப்பில் ஒரு வருஷத்து ஸ்டேட்மென்ட் எடு. போனில் பார்க்காதே, பிரிண்ட் எடு. போனில் பார்த்தால் விரல் வேகமாகத் தள்ளிவிடும், காகிதம் அப்படி ஓடாது. ஒரு லாங் சைஸ் நோட்டில் ரெண்டு பத்தி: ஆட்டத்துக்குப் போட்டது, ஆட்டத்திலிருந்து எடுத்தது. ஒவ்வொரு வரியாக எழுது, பேனாவால். நான் எழுத உட்காரும்போது "ஒரு நாப்பதாயிரம் இருக்கும்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். எழுதி முடிக்க ரெண்டு ராத்திரி ஆனது. போட்டது 2,36,400. எடுத்தது 1,04,150. போனது 1,32,250 ரூபாய். பொய் சொல்லவில்லை, நாற்பதாயிரம் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன். ஜெயித்த நாளெல்லாம் ஞாபகத்தில் இருந்தது. தோற்ற நாளில் பாதி ஞாபகத்திலேயே இல்லை.

அதற்குக் கீழே கடன். அம்மாவுடைய ஏலப் பணம் 12,000. தினம் கட்டுகிற தண்டல் கடன் 20,000. மூணு லோன் ஆப்பில் 14,000. நண்பர்கள் ஒன்பது பேரிடம் 16,500. அக்காவுடைய கம்மலை நான் வைத்த அடகு 11,500. மொத்தம் 74,000.

அந்த 1,32,250-க்குக் கீழே ஒரு கோடு போட்டு "போனது, வராது" என்று எழுதினேன். உன் நோட்டிலும் அதையே எழுது. இந்தக் கட்டுரையில் ஒரு வரியைத்தான் எடுத்துக்கொள்வாய் என்றால் இதை எடுத்துக்கொள். விட்டதைப் பிடிக்கவேண்டும் என்கிற நினைப்பு இருக்கும் வரைக்கும் நீ ஆப்பை நூறு தரம் அழித்தாலும் நூற்றியோராவது தரம் திரும்ப ஏற்றுவாய். பணம் போனதற்கு அழு, தப்பே இல்லை. நானும் அழுதேன். ஆனால் செத்தவரை எழுப்பப் போவது மாதிரி அந்தப் பணத்தைத் தேடிக்கொண்டு போகாதே.

ஒரே ஒருத்தரிடம் முழுசாகச் சொல்

எல்லாரிடமும் சொல்ல வேண்டாம். அடிக்கிறவரிடம் சொல்லாதே. "விடுடா, நான் கட்டிடறேன்" என்று மொத்தத்தையும் சத்தமில்லாமல் கட்டிவிடுகிறவரிடமும் சொல்லாதே. அது இன்னும் ஆபத்து, கடன் தீர்ந்த அன்றைக்கே கை அரிக்கும். எனக்கு அக்கா இருந்தார், மணலியில் ஒரு கம்பெனியில் வேலை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் இப்படிச் சொன்னேன்: "அக்கா, நான் போன்ல சூதாடுறேன். இவ்ளோ போயிருக்கு. இவ்ளோ கடன். உன் கம்மல் கூட நான்தான் வெச்சேன். இந்த நோட்டுல எல்லாம் எழுதியிருக்கேன்." நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் அழுதார், திட்டினார், கடைசியில் "ஏடிஎம் கார்டை எடுத்துட்டு வா" என்றார்.

சொல்லும்போது தொகையைக் குறைக்காதே. பாதியை மறைத்தால் அந்தப் பாதியை அடைக்கத் திரும்ப ஆடப்போவாய். வீட்டில் அப்படி ஆள் இல்லையென்றால் மாமா, சித்தி, பழைய ஸ்கூல் டீச்சர், சர்ச் ஃபாதர், என்எஸ்எஸ் சார், யாராக இருந்தாலும் சரி. நேரில் சொல்ல வாய் வரவில்லையா, நோட்டைப் படம் எடுத்து அனுப்பு.

காசுக்கும் போனுக்கும் நடுவில் இருக்கிற வழியை அடை

மன உறுதியை மட்டும் நம்பாதே. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மன உறுதி தூங்கிவிடும். நானும் அக்காவும் செய்தது இது. கார்டு அக்காவிடம். பேங்கில் போய் என் அக்கவுண்டில் யுபிஐயை நிறுத்தச் சொன்னோம். கேட்டரிங் வேலைக்குப் போன கூலியைக் கையில் வாங்கி அப்படியே அக்காவிடம் கொடுத்துவிடுவேன். தினம் காலையில் அறுபது ரூபாய் எனக்கு, நோட்டாக. டீ, பஸ், மத்தியானம் ஒரு லெமன் சாதம். அறுபது ரூபாயோடு ஆட முடியாது. அது டீக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும், யுபிஐயும் இல்லை. கூச்சமாகத்தான் இருந்தது, இருபது வயதுப் பையன் அக்காவிடம் கையேந்துகிறான் என்று. ஆனால் அந்த வாரத்தில்தான் முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.

ஸ்மார்ட்போனை நாற்பது நாள் அக்கா வைத்துக்கொண்டார், எனக்கு ஒரு பட்டன் போன். படிப்புக்குப் போன் வேண்டுமே என்பாய். ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் வீட்டில் இன்னொருத்தர் தலைமாட்டில் இருக்கட்டும், அதுவே பெரிய விஷயம். திரும்பக் கொடுக்கும்போது டெலிகிராம் போயிருக்கவேண்டும், ஐடி கொடுத்தவன் நம்பர் பிளாக் ஆகியிருக்கவேண்டும். போனஸ் என்று எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருந்தால் சிம்மை மாற்றிவிடு.

அப்படியும் ஆசை வரும். எனக்கு ரெண்டு நேரம்: டாஸ் போடுகிற ஏழு மணி, எல்லாரும் தூங்குகிற பதினொன்று. உனக்கு எது என்று ஒரு வாரம் கவனித்து எழுதி வை. அந்த ஆசை இருபது நிமிஷம், மிஞ்சினால் அரை மணி உச்சியில் நிற்கும், அப்புறம் தானாக இறங்கும். அதோடு சண்டை போடாமல் அந்த அரை மணியைக் கடத்தினால் போதும். ஏழு மணிக்கு நான் வேலைக்குச் சேர்ந்துகொண்டேன், இதே ஜெராக்ஸ் கடை. பதினொன்றுக்கு அம்மாவோடு ஐஸ் பெட்டி கழுவுவது. ஞாயிற்றுக்கிழமை கேரம். நம் ஏரியாவில் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூணு தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பொண்ணுதான். ஆனால் காசு கட்டி ஆடுகிற போர்டு பக்கம் போகாதே. ஃபுட்பால், பாக்சிங், பீச்சில் நடை, எதுவாக இருந்தாலும் சரி, கையும் உடம்பும் வேலையில் இருக்கவேண்டும்.

கடன்

நண்பர்களிடம் முதலில் போ. ஒன்பது பேரையும் நேரில் பார்த்து, "சூதாடித் தொலைச்சேன், மாசம் இவ்ளோதான் தர முடியும்" என்றேன். ரெண்டு பேர் கத்தினார்கள். ஒருத்தன் தானும் ஆடுவதாகச் சொன்னான், அவனும் நானும் இன்றைக்கும் தினம் பேசிக்கொள்கிறோம்.

தண்டலில் பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கையில் கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள். கட்ட முடியாமல் அந்தத் தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் எடுப்பதுதான் குழி. பெரியவர் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசு. தினக்கட்டைக் குறைத்து நாளைக் கூட்டச் சொன்னால் நிறைய பேர் ஒத்துக்கொள்வார்கள், அவர்களுக்கும் முதல் திரும்பவேண்டுமே. மீட்டர் வட்டி என்று மிரட்டினால் அதற்கு 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம்.

லோன் ஆப் வேறு ரகம். காண்டாக்ட் லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு உன் படத்தை ஒட்டி வெட்டி எல்லாருக்கும் அனுப்புவேன் என்பான். பயந்து இன்னொரு ஆப்பில் எடுத்துக் கட்டாதே. மிரட்டல் மெசேஜ், நம்பர், பணம் போட்ட ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகளை எடுத்துவிடு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் போட்டுப் புகார் கொடு. வீட்டுக்கும் நெருங்கின நண்பர்களுக்கும் நீயே முன்னால் சொல்லிவிடு: "இப்படி ஒரு படம் வரலாம், நம்பாதீங்க." அவன் ஆயுதமே உன் வெட்கம்தான்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மாட்டேன். கடனில் இருக்கிற பையனைப் பார்த்து "உன் பேங்க் அக்கவுண்டையும் சிம்மையும் ரெண்டு மாசம் வாடகைக்குக் கொடு, மூவாயிரம் தரேன்" என்று கேட்பார்கள். செத்தாலும் கொடுக்காதே. அந்த அக்கவுண்டில் சூதாட்டப் பணமும் ஏமாற்றிப் பறித்த பணமும் புரளும். கேஸ் வரும்போது அக்கவுண்ட் முடங்கும், போலீஸ் உன் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

என் 74,000-ஐ மாசம் 3,500 வீதம் கட்டி 2025 ஜூன் வாக்கில் முடித்தேன். ஜெயித்துக் கட்டினது ஒரு ரூபாய் கூட இல்லை.

சட்டம் பற்றிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் 2023-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி ஆன்லைன் சூதாட்டம் ஆடுகிறவருக்கே மூணு மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் உண்டு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, காசு வைத்து ஆடுகிற எல்லா ஆன்லைன் கேமையும் நாடு முழுக்கத் தடை செய்கிறது. நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பெரிய ரம்மி ஆப்களெல்லாம் அந்த வாரமே காசு ஆட்டத்தை நிறுத்தின. இப்போது உன் போனில் ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே ஃபைலாக வருவது எங்கேயோ வெளிநாட்டிலிருந்து நடத்துவது. நீ ஜெயித்து அவன் தரவில்லை என்றால் கேட்பதற்கு ஒரு அலுவலகம் கூடக் கிடையாது.

ஆஸ்பத்திரிக்குப் போவது

நான் போனேன். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு, ஓபி சீட்டு. "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று நம் தெருவில் கிண்டல் பண்ணுவார்கள் என்பதால் முதலில் கூசினேன். உள்ளே போனால் டாக்டர் அம்மா கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விகள்: தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, குடிக்கிறாயா, சாகணும் என்று தோன்றுகிறதா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன். அது வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. பயமுறுத்தாமல், அவசரப்படாமல் பேசினார்கள். அப்புறம் நாலைந்து தரம் கவுன்சலிங் போனேன். எந்த நினைப்பு வந்ததும் கை போனுக்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே மனச்சோர்வு இருந்தால் மாத்திரையும் தருவார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

சாகணும் என்று நினைப்பு வந்தால் காலை வரைக்கும் காத்திருக்காதே. 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104-ம் உண்டு. பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பு. 74,000 ரூபாயை 21 மாசத்தில் கட்ட முடிந்தது. அன்றைக்கு ராத்திரி அது முடியவே முடியாத மலையாகத்தான் தெரிந்தது.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம். பையன் சொல்ல வந்தால் முதலில் முழுக்கக் கேளுங்கள். திட்டுவதை மறுநாள் திட்டலாம். மொத்தக் கடனையும் நீங்களே அடைக்காதீர்கள், அவன் கையால் மாசாமாசம் போகட்டும். வீட்டுப் பணத்தைக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். அதற்குப் பெயர் சந்தேகம் இல்லை, அவனுக்குச் செய்கிற உதவி. நண்பர்களே, "மச்சி, ஐநூறு இருக்கா" என்றால் கேஷ் தராதீர்கள், சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். பரீட்சைக் கட்டணம் என்றால் கூடப் போய்க் கட்டுங்கள். எனக்கு அந்தக் கட்டணம் ஆட்டத்தில் போய் ஒரு செமஸ்டர் மொத்தமும் அரியர் ஆனது. கடைசித் தேதிக்கு முன்னால் ஹெச்ஓடியிடம் போய்ச் சொல்லியிருந்தால் வழி பண்ணியிருப்பார். பின்னால் அவரே அப்படித்தான் சொன்னார்.

வழுக்கும். நானும் வழுக்கினேன். 2024 மார்ச் 22, சேப்பாக்கத்தில் ஐபிஎல் முதல் மேட்ச், சென்னையும் பெங்களூரும். ஏழு மாசம் தொடாதவன் நண்பன் போனில் ஐநூறு போட்டேன். ஜெயிக்கவும் செய்தேன், அதுதான் பயமாக இருந்தது. பழைய ஆளாக இருந்தால் விடிவதற்குள் ஐயாயிரத்துக்குப் போயிருப்பேன். பதினொன்றரை மணிக்கு அக்காவை எழுப்பிச் சொன்னேன். நோட்டில் தேதி போட்டு எழுதினோம். ஜெயித்த காசை நண்பனிடமே விட்டுவிட்டேன். மறுநாள் காலையிலிருந்து திரும்ப அறுபது ரூபாய், ஒரு மாசத்துக்கு. ஏழு மாசமும் வீண் என்று நினைக்க அக்கா விடவில்லை. நீ வழுக்கினால் அதே ராத்திரி, அதே ஆளிடம் சொல். ஒரு நாள் தள்ளினால் அது ஒரு வாரம் ஆகும்.

கடன் தீர்ந்து மாசங்கள் ஆகின்றன. அம்மா இன்னும் சுருக்குப்பையை அரிசி டின்னில் வைப்பதில்லை, தலையணைக்குக் கீழேதான். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ரெண்டரை மணிக்கு அலாரம் அடித்தால் நானும் எழுந்து, துறைமுகம் வரைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு கூடப் போகிறேன்.